புண்ணாக்கிலிருந்து மீன் தீவனம்: குளத்தங்கரையில் செய்ய முழுமையான வழிகாட்டி

சொந்தமாகத் தீவனம் தயாரிக்க முடிவெடுத்ததும் பலர் முதலில் வாங்குவது பெல்லட் மெஷின், அதாவது தீவனத்தைச் சின்னக் குச்சிகளாகப் பிழியும் இயந்திரம். அப்புறம் பக்கத்து ஊர் எண்ணெய் ஆலையில் கிடைக்கிற புண்ணாக்கு, அப்புறம் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மினரல் மிக்சர். கணக்கு கடைசியில் வரும். சில இடங்களில் வராமலே போகும். வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். முதலில் மீன், அடுத்து புண்ணாக்கு, அதற்குச் சோதனை, பிறகு கணக்கு. மெஷின் அதற்கும் பிறகுதான்.

இது கட்லா, ரோகு, மிர்கால், திலேப்பியா வளர்ப்பவர்களுக்காக எழுதியது. மூட்டையில் எழுதியிருக்கும் புரத விகிதம் வேறு, மீன் உடம்பில் சேரும் புரதம் வேறு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் வீணாவதைக் குறைப்பதற்காகத்தான்.

1. எந்த மீன், எந்தப் பருவம் என்று முடிவு செய்யுங்கள்

கெண்டை இனங்களுக்கு (கட்லா, ரோகு, மிர்கால்) குஞ்சுப் பருவத்தில் தீவனத்தில் 35 முதல் 40 சதவீதம் புரதம் வேண்டும். விரலளவு வந்தபின் 30 சதவீதம் போதும். வளர்ப்புக் குளத்தில் 25 முதல் 28 சதவீதத்தில் ஓட்டலாம். கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத் திலேப்பியாவுக்கு 28 முதல் 32.

எருவிட்டுப் பச்சை பிடித்த மண் குளத்தில் மீனுக்கு வேண்டிய புரதத்தில் ஒரு பங்கை நுண்ணுயிர் உணவே கொடுத்துவிடும். தீவனத்தில் சின்னக் குறை இருந்தாலும் குளம் ஈடுகட்டும். சிமெண்ட் தொட்டியிலும் கூண்டிலும் அந்தத் தயவு கிடையாது. அங்கே வைட்டமின் முதல் அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டுகள்) வரை எல்லாமே தீவனத்தில்தான் வர வேண்டும். குளத்தில் நன்றாக வேலை செய்த கலவையைத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டு, மீன் வளரவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

விரால், கொடுவா வளர்ப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். அவை ஊன் தின்னும் மீன்கள். 40 சதவீதத்துக்கு மேல் புரதம் கேட்பவை. புண்ணாக்கை முதன்மையாக வைத்து அவற்றை வளர்க்கக் குளத்தங்கரைத் தயாரிப்பு போதாது.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மூட்டை நிறுக்க ஒரு தராசு, கிராம் கணக்கில் நிறுக்க இன்னொரு சின்னத் தராசு. இரண்டாவது இல்லாமல் வைட்டமின் கலவையைக் கைப்பிடியில் அளப்பவர்களுக்கு ஒவ்வொரு தொகுப்பும் ஒவ்வொரு மாதிரி வரும்.

அரைவை மில், மாவு சலிக்கும் மெல்லிய சல்லடை, நெல் அவிக்கும் டிரம், கீழே விரிக்கத் தார்ப்பாய், காற்றோட்டமான நிழல் கொட்டகை. பெல்லட் பிழிய, இறைச்சி அரைக்கும் மெஷின் வகையைச் சேர்ந்த சின்ன இயந்திரம் ஒன்றே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கருக்குத் தாராளம். அதிலிருந்து வருவது மூழ்கும் தீவனம். மிதவைத் தீவனத்துக்கு எக்ஸ்ட்ரூடர் (சூட்டிலும் அழுத்தத்திலும் பொரியவைத்துப் பிழியும் இயந்திரம்) வேண்டும்; அதன் விலையும் மின்சாரச் செலவும் வேறு ரகம். ரோகு நடுத்தண்ணீரிலும் மிர்கால் அடித்தரையிலும் மேய்பவை. அதனால் மூழ்கும் தீவனம் இவற்றுக்கு ஒரு குறையே இல்லை.

3. புண்ணாக்கைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே புண்ணாக்கை நம்பக் கூடாது என்பதுதான் இந்தப் படியின் சாரம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு அமினோ அமிலம் குறைவு, ஏதோ ஒரு நச்சு கூடுதல். கலந்து போட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும், எந்த நச்சும் அளவு மீறாது.

சோயா புண்ணாக்கு: புரதம் 44 முதல் 48 சதவீதம். லைசின் என்ற அமினோ அமிலம் நன்றாக உண்டு, மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்றொரு பொருள் இருக்கிறது. மீனின் குடலில் புரதம் செரிப்பதை அது மறிக்கும். சூடு பட்டால் அழிந்துவிடும். ஆலையிலிருந்து வரும் புண்ணாக்கு வறுபட்டுத்தான் வருகிறது, ஆனால் சரியாக வறுபட்டதா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. முழு சோயா விதையை வாங்கிப் பச்சையாக அரைத்துப் போடுவது பெரிய தப்பு. இரவு ஊறவைத்து, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, காயவைத்த பிறகுதான் அரைக்க வேண்டும்.

கடலைப் புண்ணாக்கு: 40 முதல் 45 சதவீதம். வாசனையால் மீன் ஓடிவந்து தின்னும். ஆனால் லைசினும் மெத்தியோனினும் இரண்டுமே குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல், பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் நச்சு.

எள்ளுப் புண்ணாக்கு: 32 முதல் 40 சதவீதம். சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் இதில் தாராளம், லைசின் மிகக் குறைவு. சோயாவும் எள்ளும் நல்ல ஜோடி. விலை அதிகம், அதனால் நூறு கிலோவுக்குப் பத்து கிலோ போதும்.

தேங்காய்ப் புண்ணாக்கு: காங்கேயம் பக்கம் மலிவாகக் கிடைக்கும். புரதம் 20 முதல் 22 சதவீதம்தான், நார் அதிகம். புரதத்துக்காக அல்ல, தவிட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்கலாம்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு: இதில் உள்ள காசிபால் என்ற பொருள் லைசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இனப்பெருக்கத்தையும் கெடுக்கும். வளர்ப்பு மீனுக்குப் பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தாய் மீனுக்கு வேண்டவே வேண்டாம். தோல் நீக்காத பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் புரதமும் பாதிதான் தேறும்.

இப்போது சேர்க்கவே கூடாதவை. இலுப்பைப் புண்ணாக்கு மீனைக் கொல்லும். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் உள்ள களை மீன்களை ஒழிக்கவே ஒரு ஹெக்டேருக்கு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு, 2000 முதல் 2500 கிலோ வரை அதைப் போடுகிறார்கள். அதன் வீரியம் தண்ணீரிலிருந்து போக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நச்சு உண்டு. வேப்பம் புண்ணாக்கு உரத்துக்கு மட்டும். மூன்றும் உரக்கடையில் கடலைப் புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். தூளாக இருந்தால் பார்த்ததும் பிரித்தறிவது கடினம். தீவனப் புண்ணாக்கை உரக்கடையில் வாங்காதீர்கள்.

தவிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மில்லிலிருந்து வந்த பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். அதிலுள்ள நொதி எண்ணெயை உடைப்பதுதான் காரணம். புழுங்கல் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி அடங்கிவிடுவதால் புழுங்கல் தவிடு இன்னும் கொஞ்சம் தாங்கும். நீண்ட நாள் இருப்பு வைக்க எண்ணெய் எடுத்த தவிடுதான் சரி.

4. காசு கொடுக்கும் முன் சோதியுங்கள்

நான் பார்த்த வரையில் தீவனம் கெட்டுப்போன கதைகளில் பெரும்பாலானவை மெஷினில் நடப்பதில்லை, கொள்முதலில் நடக்கின்றன. கீழே உள்ளவற்றுக்கு ஆய்வகம் வேண்டாம்.

உடைத்துப் பாருங்கள். கடலைப் புண்ணாக்குக் கட்டியை நடுவில் உடைத்து, உடைந்த இடத்தை முகர வேண்டும். வெளிப்பக்கம் காய்ந்து பளிச்சென்று இருந்தாலும் உள்ளே பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் நூல் ஓடியிருந்தால் அந்த மூட்டை வேண்டாம். பூஞ்சையை வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். பூஞ்சை செத்துவிடும்தான், அது விட்ட நச்சு சாகாது. அஃப்ளாடாக்சின் சமைக்கிற சூட்டுக்கெல்லாம் அழிவதில்லை. ஆவியில் வேகவைப்பதால் தப்பிக்கலாம் என்ற கணக்கும் இங்கே செல்லாது.

சோயா வறுபட்டதா என்று பாருங்கள். ஒரு மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் இரண்டு ஸ்பூன் சோயா புண்ணாக்குத் தூள், அரை ஸ்பூன் யூரியா, நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். நன்றாகக் கலக்கி மூடி, இருபது நிமிடம் விட்டுத் திறந்து முகருங்கள். மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை பலமாக அடித்தால் சூடு போதவில்லை. பச்சை சோயாவில் யூரியாவை உடைக்கும் நொதி இருக்கிறது. டிரிப்சின் தடுப்பான் அழிகிற சூட்டில் ஏறக்குறைய அதுவும் அழியும். அதனால் ஒன்று உயிரோடு இருந்தால் மற்றொன்றும் இருக்கிறது என்று கொள்ளலாம். லேசாக வாடை வருவதில் தப்பில்லை.

வாடையே இல்லை, தூளும் கரும்பழுப்பு நிறம் என்றால் அது அளவுக்கு மேல் கருகியது. அதில் லைசின் சர்க்கரையோடு பிணைந்துபோய், மீனுக்குப் பயன்படாமல் போகும். பொன்னிறம்தான் வேண்டும். முதல் குறையையாவது மறுபடி வேகவைத்துச் சரிசெய்யலாம், கருகியதை ஒன்றும் செய்ய முடியாது.

இதே சோதனையைத் திருப்பிப் போட்டால் யூரியா கலப்படம் தெரியும். புரதத்தை ஆய்வகத்தில் நைட்ரஜனை வைத்துத்தான் அளக்கிறார்கள். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். மட்டமான புண்ணாக்கில் ஒரு கை யூரியாவைத் தூவினால் அறிக்கையில் புரதம் கூடிவிடும், மீனுக்கு எந்தப் பயனும் இருக்காது. சந்தேகப்படும் புண்ணாக்குத் தூளோடு பச்சை சோயா விதை மாவு ஒரு ஸ்பூன், தண்ணீர் சேர்த்து மூடி வையுங்கள். அம்மோனியா அடித்தால் யூரியா உள்ளே இருக்கிறது.

மணலும் உமியும் தெரிந்துகொள்ள ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தூளைப் போட்டுச் சுழற்றிவிட்டுச் சாய்த்து ஊற்றினால் மணல் அடியில் நிற்கும். தவிட்டில் உமி அதிகம் என்றால் உள்ளங்கையில் தேய்க்கும்போதே குத்தும்.

பெரிய அளவில், மாதக்கணக்குக்குச் சேர்த்து வாங்குவதாக இருந்தால் ஆய்வக அறிக்கையே மேல். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் காலங்காலமாக அங்கேதான் அனுப்புகிறார்கள். புரதம், நார், மணல், அஃப்ளாடாக்சின் நான்கையும் கேளுங்கள். மாதிரியை ஒரே மூட்டையின் மேலிருந்து எடுக்காமல் பல மூட்டைகளின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து அனுப்புங்கள். அஃப்ளாடாக்சின் ஒரு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது, திட்டுத்திட்டாக இருக்கும்.

5. கணக்குப் போடுங்கள்

நூறு கிலோ, 28 சதவீதப் புரதம், வளர்ப்புக் கெண்டைக்கு. முதலில் அளவு மாறாதவற்றை ஒதுக்குங்கள்: மரவள்ளி மாவு 5 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 5 கிலோ, வைட்டமின்-மினரல் கலவை 2 கிலோ, பாஸ்பேட் (எது என்று 6-ஆம் படியில்) 1 கிலோ, எண்ணெய் 1 கிலோ, உப்பு அரைக் கிலோ. மொத்தம் 14.5 கிலோ. இதில் கருவாடு (50 சதவீதம்) 2.5 கிலோ புரதம் தரும், மரவள்ளி 100 கிராம்.

மிச்சம் 85.5 கிலோவிலிருந்து 25.4 கிலோ புரதம் வர வேண்டும், அதாவது 29.7 சதவீதம். இதைப் புண்ணாக்குக் கலவைக்கும் தவிட்டுக்கும் இடையே பிரிக்க வேண்டும்.

சோயா (45), கடலை (42), எள் (34) மூன்றையும் 2:2:1 என்று கலந்தால் சராசரி 41.6 சதவீதம். தவிடு 13 சதவீதம். இப்போது குறுக்கே கழியுங்கள். 29.7-லிருந்து 13 போக 16.7: இது புண்ணாக்கின் பங்கு. 41.6-லிருந்து 29.7 போக 11.9: இது தவிட்டின் பங்கு. மொத்தம் 28.6 பங்கு. 85.5 கிலோவை இந்த விகிதத்தில் பிரித்தால் புண்ணாக்கு ஏறக்குறைய 50 கிலோ, தவிடு 35.5 கிலோ. ஆக சோயா 20, கடலை 20, எள் 10.

பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். புரதம் 28 வந்தாயிற்று, சரி. ஆனால் லைசின்?

கெண்டைக்குப் புரதத்தில் 5.7 சதவீதம் அளவுக்கு லைசின் வேண்டும். 28 கிலோ புரதத்துக்கு 1.6 கிலோ. வழக்கமான பட்டியல் மதிப்புகளை வைத்துப் பார்த்தால், 50 கிலோவும் கடலைப் புண்ணாக்காகவே போட்ட கலவையில் லைசின் 1.1 கிலோதான் தேறும். மேலே போட்ட 20-20-10 கலவையில் 1.3 கிலோ. சோயாவை 30 ஆக்கி, கடலையை 10 ஆக்கினால் ஏறக்குறைய 1.46 கிலோ. மூன்று கலவைகளின் மூட்டையிலும் 28 சதவீதம் என்றே எழுதலாம்! ஆனால் லைசின் எங்கே தீர்கிறதோ அங்கேயே சதை வைப்பது நின்றுவிடும். மிச்சப் புரதத்தை மீன் எரித்து அம்மோனியாவாக வெளியே விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம் குளத்துத் தண்ணீரைக் கெடுக்கிற வேலையைச் செய்யும்.

அதனால் நான் எடுத்துக்கொள்ளும் கலவை இது:

சோயா புண்ணாக்கு 30 கிலோ
கடலைப் புண்ணாக்கு 10 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு 10 கிலோ
புழுங்கல் தவிடு 35.5 கிலோ
மேலே ஒதுக்கிய 14.5 கிலோ

இதில் எள் இருப்பதால் மெத்தியோனின் போதுமான அளவுக்கு வந்துவிடுகிறது. லைசினில் மிஞ்சியிருக்கும் 140 கிராம் குறையைக் கோழித்தீவனக் கடையில் விற்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடு 180 கிராம் நிரப்பும்; அதில் 78 சதவீதம்தான் லைசின். அந்த அளவுக்குத் தவிட்டைக் குறைத்துக்கொள்ளலாம். பச்சை பிடித்த குளத்தில் இதுகூடத் தேவைப்படாது என்பது என் எண்ணம். தொட்டி என்றால் விடாதீர்கள்.

கருவாடே இல்லாமல் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கெண்டைக்குச் செய்யலாம். அந்த ஐந்து கிலோவை நான் புரதத்துக்காக வைப்பதில்லை, வாசனைக்காக வைக்கிறேன். முழுக்கத் தாவரம் என்றால் மீன் முதல் சில நாட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உப்புக் கருவாடு மட்டும்தான் கிடைத்தது என்றால் பட்டியலில் உள்ள உப்பை எடுத்துவிடுங்கள்.

6. பாஸ்பரஸை மறக்காதீர்கள்

புண்ணாக்கிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் நிறைய இருப்பதாக அறிக்கை சொல்லும். அதில் பெரும்பங்கு ஃபைட்டிக் அமிலமாகப் பூட்டிக் கிடக்கிறது. மீனுக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி கிடையாது. போதாததற்கு ஃபைட்டிக் அமிலம் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் குறைந்தால் வளர்ச்சி நிற்கும், எலும்பு கோணும். துத்தநாகம் குறைந்தால் கண்ணில் வெள்ளை விழும்.

இங்கே கெண்டைக்கென்று ஒரு தனிச் சிக்கல். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது; தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அமிலம் சுரக்காததால் எலும்பிலும் கருவாட்டிலும் உள்ள பாஸ்பரஸ்கூட அதற்குச் சரியாகக் கரையாது. மாட்டுத்தீவனக் கடையில் எளிதாகக் கிடைக்கும் டைகால்சியம் பாஸ்பேட்டிலிருந்து பாதி அளவுதான் அதன் உடம்பில் சேரும். மோனோகால்சியம் பாஸ்பேட்டிலிருந்து பெரும்பகுதி சேரும். கிடைத்தால் இரண்டாவதையே வாங்குங்கள். திலேப்பியாவுக்கு இரைப்பை உண்டு, அதற்கு எது கிடைத்தாலும் சரி.

அந்தப் பூட்டைத் திறக்க, கோழிக்கு விற்கும் ஃபைட்டேஸ் நொதியைச் சேர்க்கலாமா? அவற்றில் பலவும் புளிப்பான சூழலில்தான் நன்றாக வேலை செய்பவை. திலேப்பியாவில் பலன் தெரியும். கெண்டையில் கோழியில் கிடைப்பது போன்ற பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

மாட்டுக்கான தாது உப்புக் கலவையை மீனுக்குப் போடாதீர்கள். அதில் கால்சியம் அதிகம். மீன் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கூடுதல் கால்சியம் துத்தநாகம் சேர்வதை இன்னும் கெடுக்கும்.

7. அரையுங்கள், சலியுங்கள்

கட்டியை உடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மாவாக அரையுங்கள். மாட்டுக்குப் போடுவது போல ஊறவைத்துக் கரைத்துக் குளத்தில் ஊற்றும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மீன் வாய்க்குப் போகாமல் தண்ணீருக்கு உரமாகிவிடும்.

குருணையாக அரைத்தால் இரண்டு தொல்லை. குருணை இருக்கும் இடத்தில் பெல்லட் விரிசல் விட்டுத் தண்ணீரில் உடையும். செரிமானமும் குறையும், மலத்தில் அப்படியே வெளியே வருவதைப் பார்க்கலாம். சல்லடையில் நின்றதைக் குப்பையில் போடாதீர்கள், மறுபடி அரையுங்கள். அதை எறிந்தால் நீங்கள் போட்ட கணக்கு மாறிவிடும்.

8. சூடு பட வேண்டியது முதலில், படக்கூடாதது கடைசியில்

செய்முறையில் அதிகம் தடுமாறும் இடம் இது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து, வேகவைத்து, பிழிந்துவிடுகிறார்கள். வைட்டமின் சி ஆவியிலேயே போய்விடும், ஃபைட்டேஸ் செத்துவிடும், தனியாகச் சேர்த்த லைசின் மாவுச் சர்க்கரையோடு பிணைந்து வீணாகும்.

முதல் கலவையில் புண்ணாக்கு மாவு, தவிடு, மரவள்ளி மாவு, கருவாட்டுத் தூள், உப்பு, பாஸ்பேட். உலர்ந்த நிலையிலேயே நன்றாகப் புரட்டிவிட்டு, பிறகு தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். நூறு கிலோவுக்கு 35 லிட்டர் வரை பிடிக்கும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது.

இதை உருண்டைகளாக நெல் அவிக்கும் டிரம்மில் ஆவி கட்டி 20 நிமிடம் வேகவிடுங்கள். டிரம்மைத் திணித்து நிரப்பினால் நடுவில் வேகாது. இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். ஒரு உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் நடுவிலும் மரவள்ளி மாவு கண்ணாடி போலப் பசைந்திருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். இந்தச் சூட்டுக்கு இரட்டை வேலை. மாவைப் பசையாக்கி பெல்லட்டைக் கட்டி நிறுத்தும், சோயாவில் மிச்சமிருக்கும் தடுப்பானையும் ஒரு கை பார்க்கும்.

அப்புறம் தார்ப்பாயில் பரப்பிக் கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடுங்கள். ஆறியபின்தான் வைட்டமின்-மினரல் கலவையும் லைசினும். இரண்டு கிலோவை நூறு கிலோவில் நேராகத் தூவினால் ஒரு இடத்தில் கொத்தாக நிற்கும். முதலில் எடுத்து வைத்த உலர் தவிடு இரண்டு கிலோவோடு கலந்து நாலு கிலோ ஆக்குங்கள். அதை இன்னும் நாலு கிலோ தவிட்டோடு கலந்து எட்டு ஆக்குங்கள். பிறகு பெரிய கலவையில் சேருங்கள். இதற்கு வேண்டிய ஆறு கிலோ தவிட்டை வேகவைக்கும் முன்பே தனியாக எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

9. பிழியுங்கள், நிழலில் உலர்த்துங்கள்

விரலளவு மீனுக்கு 2 மில்லிமீட்டர் துளை, வளர்ந்த மீனுக்கு 3 அல்லது 4. வாயில் முழுதாகப் போகும் அளவுதான் முக்கியம். கடித்து உடைத்துத் தின்ன வேண்டிய பெல்லட்டில் தூள் வீணாகும்.

உலர்த்துவது நிழலில். நேர் வெயில் சீக்கிரம் காயவைக்கும்தான், ஆனால் தவிட்டு எண்ணெயைச் சிக்குப் பிடிக்க வைத்து வைட்டமின்களையும் கெடுக்கும். மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி திருப்பி, விசிறி போட்டால் போதும். ஒரு பெல்லட்டை ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். ஈரம் பத்து சதவீதத்துக்குள் வராமல் மூட்டை கட்டினால், வாங்கும்போது பார்த்துப் பார்த்துத் தவிர்த்த பூஞ்சை உங்கள் கொட்டகையிலேயே வளரும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.

எண்ணெயைக் கடைசியில், காய்ந்த பெல்லட்டின் மேல் தெளித்துப் புரட்டுங்கள். வைட்டமின் சி தனியாக வாங்கியிருந்தால் அதை எண்ணெயோடு கலந்து இங்கே சேர்ப்பதே நல்லது.

கடைசியாக டம்ளர் சோதனை. பத்துப் பெல்லட்டைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். உருவம் கலையாமல், தொட்டால் மெத்தென்று இருந்தால் சரி. பத்து நிமிடத்தில் கரைந்து அடியில் சேறானால் வேக்காடு போதவில்லை அல்லது அரைவை நைசாக இல்லை. கல்லாகக் கிடந்தாலும் மீன் துப்பிவிடும்.

10. மீனைப் பழக்குங்கள்

பழைய தீவனத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று ஆரம்பித்து, ஏழெட்டு நாளில் முழுக்க மாற்றுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடிகாலையில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, மீனுக்குப் பசியும் இருக்காது. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு ஒரு வேளை, மாலை நாலு மணிக்கு ஒரு வேளை. தனி லைசின் சேர்த்திருந்தால் அதே அளவை மூன்று வேளையாகப் பிரியுங்கள். தனி அமினோ அமிலம் குடலில் சட்டென்று உறிஞ்சப்பட்டுவிடும். புண்ணாக்குப் புரதம் செரித்து வருவதற்குள் அது தீர்ந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து பயன்படாது.

விரலளவு மீனுக்கு மொத்த உடல் எடையில் 5 சதவீதம், அரைக் கிலோ தாண்டியபின் 2 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. மேகமூட்டமான நாளில் பாதி. மீன் மேலே வந்து வாய் திறந்தால் அன்றைக்குத் தீவனமே வேண்டாம். சோதனைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். கரையில் நின்று மீன் துள்ளுவதை வைத்து முடிவெடுப்பவர்கள் எப்போதும் அதிகமாகவே போடுகிறார்கள்.

பெல்லட் பிழிய வசதி இல்லாதவர்கள் கலவையை மாவாகவே துளையிட்ட சாக்கில் கட்டி, மூங்கில் கழியில் தண்ணீருக்குள் தொங்கவிடலாம். ஆந்திரத்தில் பெரிய பண்ணைகளே இப்படித்தான் கொடுத்தன. கரைத்து ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் சாக்கின் துளைகளில் பாசி அடைக்காமல் வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும்.

11. தீவன விலையைப் பார்க்காதீர்கள், மீன் விலையைப் பாருங்கள்

மாதம் ஒருமுறை வலை இழுத்து, சராசரி எடை எடுத்து, போட்ட தீவனத்தை ஏறிய எடையால் வகுங்கள். வெறும் தவிடு, புண்ணாக்குத் தூள் என்றால் இந்த எண் 3-ஐத் தாண்டுவது சகஜம். ஒழுங்காகச் செய்த பெல்லட்டில் 2-க்குக் கீழே வரலாம்.

உதாரணத்துக்கு, கிலோ 30 ரூபாய்க்கு முடிந்த தூள் தீவனம் மூன்று கிலோ தின்று ஒரு கிலோ மீன் வந்தால் செலவு 90 ரூபாய். கிலோ 42 ரூபாய் ஆன பெல்லட் 1.8 கிலோவில் ஒரு கிலோ மீன் கொடுத்தால் 76 ரூபாய்க்குள். விலை குறைந்த பருத்திக்கொட்டையைச் சேர்க்கலாமா, எள்ளை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கெல்லாம் இந்த எண்ணில்தான் பதில் இருக்கிறது.

ஒரு தொகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். சோயாவையும் தவிட்டையும் மினரல் கம்பெனியையும் ஒரே மாதத்தில் மாற்றினால், எண் கூடினாலும் குறைந்தாலும் காரணம் எது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் கால் கிலோ தீவனத்தைத் தேதி எழுதிய டப்பாவில், மீன் பிடிக்கும்வரை எடுத்து வையுங்கள். நடுவில் மீன் தின்பதை நிறுத்தினாலோ செத்து மிதந்தாலோ ஆய்வகத்துக்கு அனுப்பக் கையில் ஏதாவது இருக்கும்.